தோற்றம் கடல், மறைவு வேலப்பன்சாவடி

வேம்புலியம்மாளுக்குப் பகை வைத்துக்கொள்ளத் தெரியும். பூந்தமல்லி மீன் மார்க்கெட்டில் அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். மீன் வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதையே இரண்டாவதாகத்தான் சொல்வார்கள். ஒருமுறை ஒரு போலீஸ்காரர் அவள் கூடையைப் பூட்ஸ் காலால் எத்திவிட்டார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சிந்தியதைப் பொறுக்கிக் கழுவி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் மார்க்கெட் பக்கம் வரும்போதெல்லாம், கஞ்சி போட்டுத் தேய்த்த அந்தக் காக்கிச் சட்டையில் எங்கிருந்தோ செதில் வந்து தெறிக்கும். மீன் கழுவிய தண்ணீர் கை தவறிக் கொட்டும். “ஐயோ சார், பாக்கல சார்” என்று பதறுவாள். மனுஷன் மாற்றல் வாங்கிக்கொண்டு ஆவடிக்குப் போகிற வரைக்கும் அவள் பார்க்கவே இல்லை.

புருஷன் வேலுசாமி கதையும் அப்படித்தான். அம்பத்தூர்ப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திவிட்டு, உடம்பு கெட்டபின் திரும்பி வந்தான். துரத்தவில்லை. மூன்று வேளையும் சோறு போட்டாள், மருந்து கொடுத்தாள், துணி துவைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது. அவன் கண்ணை மூடும்வரை அவள் குரலை அந்த வீட்டுக்குள் அவன் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்தவன் பாவமா, இருந்தவள் பாவமா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

பிறந்தது காசிமேட்டில். கட்டிக்கொடுத்தது கடல் வாடையே இல்லாத பூந்தமல்லியில். கட்டுமரத்தில் அப்பனோடு விளையாட்டாகப் போய்வந்தவளுக்கு நீச்சல் நடை மாதிரி. அந்த அப்பன் வலையில் ஓங்கில் சிக்கினால் வலையை அறுத்து அதை வெளியே விட்டுவிடுவாராம். டால்பின் என்று நாம் இப்போது சொல்வதற்குக் கடற்கரையில் ஓங்கில் என்றுதான் பேர். “அது நம்ம மாதிரி மேல வந்து மூச்சு வாங்குற ஜென்மம், அத்த கொன்னா பாவம்” என்பது அவர் கட்சி. கிழிந்த வலையைப் பார்த்து அம்மாக்காரி திட்டுவாள். இதையெல்லாம் கல்யாணமான பிறகு வேம்புலியம்மாள் மறந்தே போயிருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், வேலப்பன்சாவடி நெடுஞ்சாலை ஓரமாகச் சண்முகசுந்தரம் என்கிற பணக்காரர் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா திறந்தார். கல்யாண மண்டபங்கள் நடத்திச் சம்பாதித்தவர். ராட்டினம் எல்லாரும் வைக்கிறார்கள், புதிதாக என்ன வைக்கலாம் என்று யோசித்து, வெளிநாட்டிலிருந்து இரண்டு டால்பின்களை விமானத்தில் வரவழைத்துவிட்டார். பேர் ராஜா, ராணி. கடல் எங்கே, வேலப்பன்சாவடி எங்கே? போர்த் தண்ணீரில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டிக் கலக்கி அதுதான் கடல் என்றார்கள். டால்பினுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் போல.

தினமும் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை வேம்புலியம்மாளுக்கு வந்தது. விடிகிற நேரத்துக்குக் காசிமேட்டிலிருந்து வருகிற கானாங்கெளுத்தியையும் மத்தியையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். தொட்டியின் பின்பக்கம் அரிவாள்மணையைப் போட்டு உட்காருவாள். முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, டால்பின்களைப் பழக்குகிற ஹாஜா மொய்தீனிடம் கேட்டாள்.

“இன்னா தம்பி, இது சுத்திகினே கீது? நிக்காதா?”

“நின்னு இன்னாக்கா பண்ணும்? போறதுக்கு எடம் ஏது?”

மொய்தீன் முன்பு சர்க்கஸில் நாய்களைப் பழக்கியவன். விசில் ஊதினால் இரண்டும் எம்பிக் குதிக்கும், வளையத்துக்குள் பாயும், வாலால் தண்ணீரை அடிக்கும். குதித்தால் மீன். குதிக்காவிட்டால் பட்டினி. ஜனங்கள் கைதட்டி, “பாரு பாரு, எப்படிச் சிரிக்குது” என்பார்கள். வேம்புலியம்மாளுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். வலையில் செத்துக் கரைக்கு வந்த ஓங்கிலைச் சின்ன வயதில் பார்த்தவள் அவள். செத்த பிறகும் அதன் வாய் அப்படியேதான் இருந்தது. சிரிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாயின் அமைப்பு அது.

ராணிதான் அவளோடு ஒட்டிக்கொண்டது. அரிவாள்மணைச் சத்தம் கேட்டதும் தொட்டி ஓரமாக வந்து தலையை நீட்டும். மொய்தீன் பார்க்காத நேரத்தில் ஒரு கானாங்கெளுத்தியைத் தூக்கிப் போடுவாள், குதிக்காமல் கொள்ளாமல். “துன்னு. சும்மாவே துன்னு. எவனுக்கும் நீ சலாம் போட வாணாம்” என்பாள். வேலுசாமி அம்பத்தூருக்குப் போன பிறகு அவள் வாய்விட்டுக் கொஞ்சியது அந்த ஜீவனிடம்தான்.

ஆடி மாதம் கூட்டம் குறைந்தது. சண்முகசுந்தரத்துக்கு ஒரு யோசனை உதித்தது. மைக்கில் அறிவிக்கச் சொன்னார்: இது சாதாரண மீன் இல்லை, மச்சாவதாரத்தின் அம்சம், மனதில் வேண்டிக்கொண்டு தொட்டியில் காசு போட்டால் நினைத்தது நடக்கும். அவ்வளவுதான். கோயில் குளம் பார்த்தால் கை தானாகப் பைக்குள் போகிற ஜனங்கள் நாம். நாலணா, எட்டணா, ஒரு ரூபாய் என்று மழையாகக் கொட்டியது. பிள்ளைக்கு வேலை, பெண்ணுக்கு வரன், மாமியாருக்கு நல்ல புத்தி என்று எல்லா வேண்டுதலும் அந்தத் தண்ணீரில் விழுந்தது. சாயங்காலம் ஆட்களை இறக்கி அள்ளினார்கள்.

“சார், பளபளன்னு எது விழுந்தாலும் அதுங்க வாயில எடுக்குது சார். வாணாம் சார்” என்று மொய்தீன் கெஞ்சிப் பார்த்தான். “துப்பிடும்ப்பா, அதுக்குத் தெரியாதா” என்றார் முதலாளி.

மார்கழி பிறந்ததும் ராணி மீனைத் தொடவில்லை. ஒரு மூலையில் அப்படியே மிதந்தது. மாட்டு டாக்டர் ஒருவர் வந்து தூர நின்று பார்த்து ஊசி போட்டுவிட்டுப் போனார். வேம்புலியம்மாள் மீனைத் துண்டாக்கி, முள்ளெடுத்து, வாயருகே கொண்டுபோய் நீட்டினாள். ராணி அவளைப் பார்த்தது, வாங்கவில்லை. ஒரு காலையில் அவள் கூடையோடு வந்தபோது ராணியைத் தரையில் தார்பாய் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். ராஜா தொட்டிக்குள் விசில் அடிப்பதுபோல ஒரு குரலில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

சண்முகசுந்தரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “வேம்புலி, இதை முழுசா வெளியே எடுத்துட்டுப் போனா ஊர் பார்க்கும். நீதான் கை தேர்ந்தவளாச்சே. துண்டு போட்டுக் கொடு, பின்னால எரிச்சிடலாம்.”

வெட்டமாட்டேன் என்றுதான் வாயெடுத்தாள். பிறகு, எதனால் செத்தது என்று பார்க்காமல் விடுவதாவது என்று தோன்றியது. உட்கார்ந்தாள். கத்தியை வைத்ததும் வந்த ரத்தம் மீன் ரத்தம் இல்லை, ஆடு மாட்டு ரத்தம் போலச் சிவப்பாக, கெட்டியாக வந்தது. இரைப்பையைக் கீறினாள். உள்ளே கத்தி கரகரவென்று எதிலோ உரசியது. கையை விட்டு அள்ளினாள். காசு. கறுத்துப்போன காசு. அள்ள அள்ள வந்தது. பக்கத்தில் நின்ற மொய்தீன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

அவள் காசைத் தூக்குவாளியில் போட்டு மூடிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றாள். கையெல்லாம் ரத்தம்.

“பாத்தியா மொதலாளி? உன் வேண்டுதலு இன்னா பண்ணிச்சின்னு பாத்தியா?”

அவர் வாளியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “சரி, ஆனது ஆச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாதே. பொங்கலுக்குள்ள வேற ஒண்ணு வந்துடும். அதுக்கும் ராணின்னே பேரு வெச்சிடலாம். ஜனங்களுக்கு எல்லா மீனும் ஒரே மூஞ்சிதானே.”

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வேம்புலியம்மாள் சரியென்று தலையாட்டினாள். கையைக் கழுவினாள். ராணியைப் பின்னால் எரித்து முடித்ததும் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் சத்தம் போடாமல் போனால் என்ன அர்த்தம் என்று அந்த ஆவடிப் போலீஸ்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மறுநாள் பூந்தமல்லியில் அச்சகம் வைத்திருந்த ஹபிபுல்லாவிடம் போனாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும் என்றாள்.

“அடடா, ஊட்ல யாருக்கா தவறிட்டாங்க? போட்டோ கொண்டாந்தியா?”

பூங்காவின் விளம்பரத் தாளை எடுத்து நீட்டினாள். ஹபிபுல்லா அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

“இன்னாக்கா, இது மீனாச்சே!”

“மீனு இல்ல. எனக்கு வேண்டியவ. அடிப்பியா, வேற கடை பாக்கவா?”

அடித்தார். மனுஷர்களுக்குப் போடுகிற அதே கறுப்புக் கட்டம், அதே குத்துவிளக்கு, நடுவில் வாய் பிளந்த ராணி. கீழே, தோற்றம்: கடல். மறைவு: வேலப்பன்சாவடி தொட்டி. அதற்கும் கீழே, நீங்கள் போட்ட காசு வயிற்றை அடைத்ததால் காலமானார் என்றும், இறுதி ஊர்வலம் காணும் பொங்கலன்று பூங்கா வாசலை அடையும் என்றும் இருந்தது. மாங்காட்டிலிருந்து வேலப்பன்சாவடி வரை சுவர் விடாமல் ஒட்டினார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். இரண்டாம் முறை படித்தவர்கள் சிரிக்கவில்லை.

முதலாளி சொன்ன புது ராணி வந்து சேராவிட்டாலும் காணும் பொங்கல் அன்று பூங்காவில் ஈ நுழைய இடமில்லை. புதுத் துணியும் புளியோதரைப் பொட்டலமுமாகக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பூந்தமல்லிப் பக்கமிருந்து சாவு மேளம் கேட்டது. வெடி வெடித்தது. முன்னால் ஆட்டம். பின்னால் பூப்பாடை. பாடையில் வாழைத்தண்டை வெள்ளைத் துணியில் சுற்றி மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். மார்க்கெட் பெண்கள் அத்தனை பேரும் தலைவிரிகோலமாக மாரடித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் வேம்புலியம்மாள், இடுப்பில் தூக்குவாளி.

சாவு ஊர்வலத்தில் பொரியோடு காசு இறைப்பது நம் பக்கத்து வழக்கம். அவளும் வழியெல்லாம் இறைத்துக்கொண்டே வந்தாள். ஓடிவந்து குனிந்தவர்களிடம், “எடுத்துக்கோ கண்ணு, ராணி வயித்துலேர்ந்து வந்த காசு. நீ போட்டதாக்கூட இருக்கும்” என்றாள். குனிந்தவர்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். பூங்கா வாசலில் வாளியைக் கவிழ்த்து மிச்சத்தையும் கொட்டினாள். ஒரு கை தொடவில்லை.

உள்ளே போனவர்கள் வெளியே வந்தார்கள். ஒருவர் டிக்கெட்டைக் கிழித்துக் கேட்டின் மேல் வீசினார். கல்லும் பறந்தது. சண்முகசுந்தரம் பின்வழியாகக் காரில் ஓடினார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், படம் பிடித்தார்கள். அடுத்த வாரம் வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் வந்து, விசாரணை முடியும் வரை என்று கேட், டிக்கெட் கவுண்டர், பம்ப் ரூம் எல்லாவற்றுக்கும் சீல் வைத்துவிட்டுப் போனார். வேம்புலியம்மாளுக்கு அது வெல்லமாக இனித்தது. மார்க்கெட்டில் எல்லாருக்கும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தாள். எரித்த சாம்பலுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன் என்று அவள் மனசு குதித்தது.

அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே ஹாஜா மொய்தீன் மார்க்கெட்டுக்கு வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“அக்கா, மொதலாளி எல்லாரையும் வேலைய உட்டு நிறுத்திட்டாரு. பம்ப்பு ஓடல. தண்ணி பச்சையா பூடுச்சி. ராஜா கண்ணே தொறக்க மாட்டேங்குதுக்கா. தோலெல்லாம் உரியுது.”

அவள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். ராணிக்காக அத்தனை மேளம் அடித்தவள், உயிரோடு இருக்கிற ராஜாவை அந்த நாட்களில் ஒருமுறைகூட நினைக்கவில்லை. பழியின் சூட்டில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. தன்மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது.

விசாரணை தொட்டி ஓரத்திலேயே நடந்தது. அதிகாரி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் சண்முகசுந்தரம், இன்னொரு பக்கம் மார்க்கெட் ஜனம். தண்ணீர் பாசிக் குழம்பாக இருந்தது. ராஜா ஓரத்தில் முதுகு மட்டும் தெரிய மிதந்தது. எப்போதாவது புஸ்ஸென்று ஒரு மூச்சு வரும்.

“வயித்துல காசு இருந்ததுன்னு சொல்றியேம்மா, அந்தக் காசு எங்கே?” என்றார் அதிகாரி.

“ரோட்ல எறைச்சிட்டேன் சார். சாவுக்கு எறைக்கத்தானே வேணும்?”

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. கையில் இருந்த ஒரே சாட்சியை வழக்கம் என்று தெருவில் வீசிவிட்டு வந்திருந்தாள். உடம்பை எரித்தாயிற்று. மொய்தீன் பார்த்தேன் என்றான். வேலை போன கோபத்தில் பேசுகிறான் என்றார் சண்முகசுந்தரம்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். “இப்போ உன் வார்த்தை மட்டும்தான் இருக்கு. நீ அதுல நின்னா நான் மேலிடத்துக்கு எழுதணும். பதில் வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் சீலை எடுக்க முடியாது. இல்ல, கோபத்துல சொல்லிட்டேன்னு வாபஸ் வாங்கினா, இன்னிக்கே திறந்துடலாம்.”

“அதுவரைக்கும் இந்தப் பிராணிய யாரு சார் பாத்துப்பாங்க?”

“அது என் இலாகா இல்லம்மா.”

சண்முகசுந்தரம் மெல்லச் சிரித்தார். “பூட்டிக் கிடக்கிற இடத்துக்கு நான் ஏன் பம்ப் ஓட்டணும்? அவங்கதான் ரொம்ப வேண்டியவங்களாச்சே, வேணும்னா அடுத்த போஸ்டரும் அடிச்சுக்கட்டும்.”

வேம்புலியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பைத் தரையில் தேய்க்க அவளுக்குக் கை துடித்தது. தன் வார்த்தையில் நின்றால் இந்த ஆள் தொலைவான், பூங்கா தொலையும். ஆனால் முதலில் தொலைவது ராஜா. புஸ்ஸென்று இன்னொரு மூச்சு வந்தது, முன்னைவிடச் சின்னதாக.

“சீலை இப்பவே ஒடைப்பியா சார்? இப்பவே, என் கண்ணு முன்னால?”

“உடைப்பேன்.”

“அப்ப எழுதிக்கோ. காசு எதுவும் இல்ல. அவுரு மேல இருந்த காண்டுல நான்தான் கட்டி உட்டேன்.”

மார்க்கெட் ஜனத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாரடித்து நெஞ்சு வீங்கிய புஷ்பா முதலில் கத்தினாள். “அடிப்பாவி! எங்கள எல்லாம் ரோட்ல ஆட உட்டியே!” ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். பொய்க்காரி என்றும் காசு வாங்கிவிட்டாள் என்றும் அவள் காதுபடவே சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். வேம்புலியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பம்ப் ரூமைத் திறந்து, பம்ப் உறுமத் தொடங்கிய பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பகையை அவளாகவே விட்டுக்கொடுத்திருந்தாள்.

காசு போடக் கூடாது என்று போர்டு வைப்பதாக அதிகாரி முன்னால் ஒத்துக்கொண்டிருந்தார் சண்முகசுந்தரம். போர்டும் வைத்தார். மொய்தீனைத் திரும்ப வேலைக்குச் சேர்த்தார். அவளையே மீன் வெட்டவும் விட்டார். தோற்றவள் தினமும் கண் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பது அவருக்குப் பார்க்கச் சுகமாக இருந்தது. ராஜா தேறியது. தோல் வளர்ந்தது. மறுபடி வட்டம் சுற்றத் தொடங்கியது.

மறுபடி திறந்த ஞாயிற்றுக்கிழமை, தகராறு நடந்த இடம் என்பதாலேயே கூட்டம் நெரிந்தது. ராஜா குதித்து முடித்ததும் மைக் பேசியது. “மச்சாவதார அம்சமான ராஜாவிடம் உங்கள் வேண்டுதலைச் செலுத்தலாம்!” போர்டு இருந்த இடத்தில் போர்டைக் காணோம்.

முதல் காசு விழுந்தது. ஒரு தகப்பன் குழந்தையைத் தூக்கிப் பிடித்து அதன் கையால் போட வைத்தான். ராஜா அந்த மினுக்கலை நோக்கித் திரும்பியது.

வேம்புலியம்மாள் அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். புடவையை வரிந்து செருகினாள். குதித்தாள். ராஜாவுக்கு முன்னால் அடியில் போய் அந்தக் காசைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. இதுவும் ஆட்டத்தில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள், இன்னும் காசு போட்டார்கள். அவள் முங்கினாள், பொறுக்கினாள், எழுந்தாள், முங்கினாள். மூச்சு முட்டியது. பொறுக்கப் பொறுக்க மேலும் மேலும் விழுந்தது.

மேடையில் நின்ற சண்முகசுந்தரம் ஓடிவந்த ஆட்களைக் கையமர்த்தினார். “விடுப்பா, நல்லாத்தான் இருக்கு. வாராவாரம் வெச்சிடலாம்.”

அது அவள் காதில் விழுந்தது. தொட்டி ஓரப் படியில் கால் ஊன்றி, முந்தானையில் சேர்த்த காசை ஒரு கை அள்ளினாள். கட்டுமரத்திலிருந்து வலை வீசுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த கை அது. முழு பலத்தையும் சேர்த்து வீசினாள். காசு அவர் முகத்தில் போய் அறைந்தது. புருவம் கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் கொட்டியது. கூட்டம் முதலில் சிரித்தது. ரத்தம் நிஜம் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. அடுத்த கையைக் கூட்டத்தின் மேல் வீசினாள். “இந்தாங்கடா உங்க வேண்டுதலு! நீங்களே துன்னுங்க!” பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டை நோக்கி ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் பெஞ்சுகள் காலியாகிவிட்டன.

அவள் மார்பளவு தண்ணீரில் நின்று மூச்சு வாங்கினாள். நெஞ்சு குளிர்ந்துதான் இருந்தது, அதில் பொய் இல்லை. ராஜா அவளைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டிருந்தது. அவள் எதைச் செய்தாலும் அந்த வட்டம் அதே அளவுதான்.

ஹாஜா மொய்தீன் ஓரத்தில் முழங்காலிட்டுக் கையை நீட்டினான். “அக்கா, சீக்கிரம் மேல வா. போலீசுக்கு ஆளு பூட்டான். உன்ன இஸ்துகினு போயிடுவாங்க.”

“எங்க ரெண்டு பேரையும் தூக்க முடியும்னா கைய நீட்டு மொய்தீனு” என்று ராஜாவைக் காட்டிச் சொன்னாள் வேம்புலியம்மாள்.

மொய்தீன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.